பின்சக்கர இரைச்சலும் இறுகிப்போன ஆக்சில் நட்டும்: கொருக்குப்பேட்டைப் பட்டறை ஒன்றின் மதிப்பீடு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குச் சற்றுத் தள்ளி, மினி லாரி ஒன்று நுழைந்தால் எதிரே வருபவர் பின்னோக்கிப் போக வேண்டிய ஒரு சந்தில், பெயர்ப் பலகை இல்லாத ஒரு கார்ப் பட்டறை இருக்கிறது. அந்தப் பகுதியில் ‘பாய் பட்டறை’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். இந்தப் பட்டறையை நான் இரண்டு வேலைகளுக்காக மட்டுமே பரிந்துரைக்கிறேன். ஒன்று, பின்சக்கரத்திலிருந்து வரும் இரைச்சல் எதனால் வருகிறது என்று கண்டுபிடிப்பது. மற்றொன்று, சக்கரத்தின் நடுவில் துருவேறி இறுகிப்போன ஆக்சில் நட்டை, ஆக்சிலின் மரை (திருகுப் புரி) கெடாமல் கழற்றுவது. இஞ்சின் வேலைக்கோ, ஏசி வேலைக்கோ, மின்சார வேலைக்கோ இங்கே போக வேண்டியதில்லை. பாய் அவற்றைத் தொடுவதும் இல்லை.

எங்கள் கார் முன்சக்கர இயக்கம் கொண்ட, பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள சிறிய வண்டி. திருவொற்றியூரில் தெருவோரத்தில்தான் நிற்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலையொட்டி வாழ்பவர்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சன்னல் கம்பியை அரிப்பது போலவே அது காரின் அடிப்பக்கத்தையும் அரிக்கிறது. அடிப்பக்கத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதுதான் வேறுபாடு. இதனுடன் கன்டெய்னர் லாரிகள் குழிபறித்துப் போட்ட மணலி, எண்ணூர்ச் சாலைகளையும், ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும் தெருக்களையும் சேர்த்துக்கொண்டால், தென்சென்னைக் காரைவிட எங்கள் பக்கத்துக் காருக்குச் சக்கர பேரிங் ஏன் சீக்கிரம் போகிறது என்பது விளங்கும்.

இரைச்சல் தொடங்கியபோது அது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் மட்டும் கேட்கும் மெல்லிய ரீங்காரமாக இருந்தது. பிறகு மாவரைக்கும் கிரைண்டர் பின் இருக்கையில் ஓடுவது போல உறுமத் தொடங்கியது. முதலில் காட்டிய வேறொரு பட்டறையில் வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே டயர் சத்தம் என்று சொல்லி, நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங், அலைன்மென்ட் செய்து பணம் வாங்கினார்கள். சத்தம் குறையவில்லை என்று திரும்பப் போனபோது, அப்படியானால் பேரிங்தான் என்று இடப்பக்கப் பின்சக்கர நட்டைக் கழற்ற முயன்று, அது அசையாததால் பாதியில் விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டுவைத்த நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. அந்த நிலையில்தான் வண்டி பாயிடம் போனது.

பாய் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, சாவியை வாங்கிக்கொண்டு பக்கத்து இருக்கையில் என்னை உட்காரச் சொன்னார். கன்டெய்னர் வரிசை சாலையை அடைப்பதற்கு முன்பாகக் காலையிலேயே வரச் சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி இல்லாத ஒரு நீளத்தில் அவர் செய்தவை சாதாரணச் சோதனைகள்தான்; கார் வைத்திருக்கும் எவரும் செய்து பார்க்கலாம். ஆனால் செய்வதற்குப் பொறுமை வேண்டும், கேட்பதற்குக் காது வேண்டும்.

முதலில் 60 கிலோமீட்டர் வேகம் வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானாக உருளவிட்டார். இஞ்சின் சுற்று இறங்கியும் உறுமல் இறங்கவில்லை. வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் தாழ்ந்தது. ஆகவே அது இஞ்சினையோ கியர்பாக்ஸின் உள்ளீட்டுப் பக்கத்தையோ சேர்ந்ததல்ல, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்று என்பது உறுதியாயிற்று. அடுத்து, சாலையின் அகலத்துக்குள்ளேயே ஸ்டீயரிங்கை மெல்ல வலமும் இடமும் ஆட்டினார். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது அதன் எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. பழுதான பேரிங் இடப்பக்கம் இருந்தால் அப்போது சத்தம் கூடும், மறுபக்கம் திரும்பும்போது அடங்கும். எங்கள் வண்டியில் வலப்பக்கம் வளைக்கும் ஒவ்வொரு முறையும் உறுமல் பெருகியது. மூன்றாவதாக, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தபடியே நெம்புகோலை ஒரு மயிரிழை உயர்த்தினார். பிரேக் லைனிங்கோ டிரம்மோ உரசிச் சத்தம் எழுப்பினால் இந்த இடத்தில் அதன் தொனி மாற வேண்டும். மாறவில்லை. கடைசிச் சோதனைக்குத் தார் போட்ட பகுதியிலிருந்து கான்கிரீட் பகுதிக்கு வண்டியை ஓட்டினார். டயர்ச் சத்தம் என்றால் தரை மாறும்போது அதுவும் மாறும். பேரிங் சத்தத்துக்குத் தரையைப் பற்றிக் கவலை இல்லை.

இதற்குப் பிறகும் அவர் பேரிங் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது பேரிங் தேய்ந்து உராயலாம். இடப்பக்கப் பின்சக்கரம் மற்றதைவிடச் சூடாகத்தான் இருந்தது. டயரின் மேல்தளத்தில் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தேய்த்து, ரப்பர் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்படித் தேய்ந்த டயர் அசல் பேரிங்கைப் போலவே உறுமும்; அனுபவசாலிகளையும் ஏமாற்றும். சந்தேகம் தீராத வண்டிகளில் பின் டயர்களை முன்னுக்கு மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். சத்தம் முன்பக்கம் போனால் டயர், பின்பக்கமே நின்றால் பேரிங். எங்கள் டயர்கள் சீராக இருந்ததால் அது தேவைப்படவில்லை.

பின்பு ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கினார்கள். சக்கரத்தின் மேல்முனையையும் கீழ்முனையையும் பிடித்து அசைத்தபோது ஆட்டம் எதுவும் இல்லை. ‘ஆட்டம் இல்லை, அதனால் பேரிங் நல்லதுதான்’ என்று முந்தைய பட்டறையில் சொன்ன அதே இடம் இது. பாய் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, மறுகையின் விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். பிறகு என் கையையும் அங்கே வைக்கச் சொன்னார். வலப்பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்க ஸ்பிரிங்கில் மணல் அரைபடுவது போன்ற நுண்ணிய அதிர்வு விரல் நுனிக்கு ஏறியது. காதுக்கு எட்டாததை ஸ்பிரிங் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட இன்றைய ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பேரிங்குகளில் ஆட்டம் வருவது பழுதின் கடைசிக் கட்டத்தில்தான். அதற்கு நெடுநாள் முன்பே குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து சத்தம் வந்துவிடும். ஆட்டம் வரட்டும் என்று காத்திருப்பவர் சக்கரம் கழலட்டும் என்று காத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டு ஒரே சீராக வரும் சத்தத்தை அவர் இதிலிருந்து பிரித்துப் பார்க்கிறார். சிறிய காரின் டயர்ச் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர் என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒன்பது முறைக்கு மேல் சுழல்கிறது; அந்த வேகத்தில் எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகிவிடும். ஆகவே டிரம் கோணியிருக்கிறதா, டயரில் ஆணி ஏறியிருக்கிறதா, டிரம்முக்குப் பின்னால் உள்ள தகடு வளைந்து உரசுகிறதா என்பவற்றை நடக்கும் வேகத்தில்தான் கேட்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’ என்று வந்தால் பேரிங்கைத் தேட வேண்டியதில்லை.

இனி ஆக்சில் நட்டு. நான் இந்த மதிப்பீட்டை எழுதுவதே பெரும்பாலும் இதற்காகத்தான். எங்கள் காரைப் போன்ற பல சிறிய வண்டிகளில் பின் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு. பேரிங் அதற்குள்ளேயே அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் உள்ள பெரிய நட்டைக் கழற்றாமல் டிரம்மே வெளியில் வராது. அந்த நட்டுத் தொழிற்சாலையில் பலத்த முறுக்கத்தில் ஏற்றப்படுவது. வண்டிக்கு வண்டி மாறினாலும் இத்தகைய கார்களில் 150 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை இருப்பது சாதாரணம். அதோடு, நட்டின் மெல்லிய கழுத்தை ஆக்சிலில் உள்ள பள்ளத்துக்குள் உளியால் குத்தி மடித்திருப்பார்கள், தானாகக் கழலாமல் இருப்பதற்காக. அந்த மடிப்பின் மேல் பல ஆண்டுத் துரு. அதன் மேல், எங்கள் வண்டியைப் பொறுத்தவரை, முந்தைய பட்டறையின் கைவண்ணம்.

அங்கே நடந்தது என்ன என்பதைப் பாய் நட்டைப் பார்த்தே சொல்லிவிட்டார். உள்ளே பன்னிரண்டு முனை கொண்ட சாக்கெட்டைப் போட்டு, நீளம் போதாத கைப்பிடியால், கழுத்தின் மடிப்பை நிமிர்த்தாமலேயே திருகியிருக்கிறார்கள். பன்னிரண்டு முனைச் சாக்கெட் எந்தக் கோணத்திலும் எளிதாக உட்காரும். ஆனால் அது நட்டை முனைகளில் மட்டுமே பிடிப்பதால், இறுகிய நட்டில் முனையை வழித்துக்கொண்டு நழுவும். ஆறு முனைச் சாக்கெட் பக்கங்களைப் பிடிக்கிறது. வெள்ளி போலப் பளபளக்கும் சாதாரணச் சாக்கெட்டை அடித்தடித்துத் திருகும் கருவியான இம்பாக்ட் கன்னில் மாட்டுவதும் ஆபத்து. அடிக்கு அது வெடித்துத் தெறிக்கக்கூடும். கன்னுக்கென்று வரும் கறுப்புச் சாக்கெட்டின் சுவர் தடிமனானது, அடியைத் தாங்கும் உருக்கால் செய்யப்பட்டது.

முதல் நாள் மாலையில் அவர் செய்தது இவ்வளவுதான். நடுமூடியை மெல்லிய உளியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தார். கம்பிப் பிரஷ்ஷால் நட்டைச் சுற்றிய துருவையும் வெளியே தெரிந்த மரையையும் தேய்த்தார். குறுகிய முனை கொண்ட உளி ஒன்றை ஆக்சிலின் பள்ளத்தில் வைத்து, மடிந்த கழுத்தை மேலே தூக்கும் திசையில் சிறு சிறு அடிகளாக அடித்து நிமிர்த்தினார். இந்த இடத்தில் அவசரப்பட்டு உளி வழுக்கினால் முதல் இரண்டு மரைகள் போய்விடும். போய்விட்டால் நட்டு வெளியே வரும்போது மீதி மரையையும் உரித்துக்கொண்டு வரும். பிறகு துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி, பித்தளைத் துண்டு ஒன்றை நட்டின் ஆறு பக்கங்களிலும் மாற்றி மாற்றி வைத்துச் சுத்தியலால் தட்டினார். தட்டும் அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும் என்றார். கடையில் விற்கும் பொதுப்பயன் ஸ்பிரேயைவிடத் துரு நீக்குவதற்கென்றே வரும் எண்ணெய் இந்த வேலைக்கு நல்லது. மண்ணெண்ணெயும் ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. அவ்வளவோடு ஸ்பேனரைத் தொடாமல் வண்டியை இரவு அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்க சார், துரு தானா வாய தொறக்கணும். நாம தொறந்தா மரையோடதான் தொறக்கும்.”

பக்கத்து லேத்துப் பட்டறையிலிருந்து வந்தவர் கேஸ் டார்ச்சைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். பாய் வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் இருந்தன. நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து கழல்வது உண்மைதான். ஆனால் செஞ்சூடு ஏறினால் ஆக்சிலின் உருக்குப் பதம் கெடும். சற்றுத் தள்ளியே பிரேக் ஆயில் குழாயும் ரப்பர் பாகங்களும் இருக்கின்றன. பேரிங்கில் உள்ள கிரீஸும், தண்ணீர் புகாமல் அதை மூடியிருக்கும் சீலும் கருகும். பேரிங்கை எப்படியும் மாற்றப்போகிறோம் என்றாலும், மற்ற இரண்டையும் கெடுத்துக்கொள்ள முடியாது.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியபோது வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்றது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வீட்டு வாசலில் முயல்பவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் தொங்கினால் ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டர் முறுக்கம் பிறக்கிறது. ஜாக்கியின் மேல் நிற்கும் காரில் அப்படித் தொங்கினால் நட்டு கழலுமோ இல்லையோ, கார் சரியும். ஆகவே டயரும் தரையும் சேர்ந்து முறுக்கத்தைத் தாங்க வேண்டும். கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன்னும் பின்னும் கட்டை வைத்து, சக்கரத்தின் நடுத்துளை வழியாகவே சாக்கெட்டைச் செலுத்தினார். முனை மழுங்கிய நட்டு என்பதால் ஆறு முனைச் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்தே உள்ளே இறக்க வேண்டியிருந்தது.

அடுத்து அவர் செய்தது எனக்குப் புதிது. கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில் முதலில் ஓர் அழுத்தம் கொடுத்தார். அசைந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாத அளவு. பிறகு முக்கால் அங்குலக் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, உடலின் எடையை ஒரே சீராக அதன்மேல் சாய்த்தார். உதைக்கவில்லை, குதிக்கவில்லை. உலர்ந்த மரம் பிளப்பது போல அல்லாமல், தடித்த, ஒற்றைச் சத்தம் ஒன்று வந்தது. அவர் உடனே நிறுத்திவிட்டு மீண்டும் எண்ணெய் விட்டார். அதன் பிறகு கால் சுற்று கழற்றுவது, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்குவது, எண்ணெய் விடுவது, மீண்டும் கழற்றுவது என்று போனது. துருத்தூள் மரையில் சிக்கி அரைக்காமல் வெளியே வர வேண்டும் என்பதற்காக இப்படி. துரு விடும் சத்தத்துக்கும் மரை உரியும் சத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கைப்பிடியின் வழியாகவே உணர முடியும் என்கிறார். துரு விட்டால் கை ஒரேயடியாக லேசாகும். மரை உரிந்தால் கை பஞ்சில் இறங்குவது போல் மெல்ல இறங்கும்.

இம்பாக்ட் கன் அவரிடம் இருக்கிறது. தொடர்ந்து விழும் அடிகள் துருவை உதிர்ப்பதில் சிறந்தவை என்பதை அவர் மறுக்கவில்லை. முனை நன்றாக உள்ள நட்டுக்கு முதலில் அதையே எடுக்கிறார். மழுங்கிய நட்டுக்கு மட்டும் கையை நம்புகிறார். இவ்வளவுக்கும் அசையாத நட்டு என்றால் வெட்டுவதுதான் வழி. நான் அங்கிருந்தபோது வந்த ஒரு கால் டாக்சியில் அதையும் பார்த்தேன். நட்டின் ஒரு பக்கத்தைக் கிரைண்டரால், மரைக்கு ஒரு காகித அளவு மிச்சம் வைத்துத் தேய்த்து, மீதியை உளியால் பிளந்தார். ஆக்சிலில் கீறல் விழவில்லை. லாரிப் பட்டறையில் தொழில் கற்றவர் என்பது அந்தக் கையில் தெரிந்தது.

டிரம் வெளியே வந்ததும் விஷயம் தெளிவாயிற்று. பேரிங்கின் உள்பக்க சீல் ஓரத்தில் கிழிந்து, கிரீஸ் தேநீர் நிறத்தில் நீர்த்துப்போயிருந்தது. ஓடிச் சூடான ஹப் திடீரென்று தேங்கிய தண்ணீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்துத்தான் உறுமும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மூழ்கிய வண்டிகள் அடுத்த ஆண்டு முழுவதும் இதே பழுதோடு தன்னிடம் வந்துகொண்டிருந்ததாகப் பாய் சொன்னார்.

புதிய பேரிங்கை வாடிக்கையாளரே வாங்கிவர வேண்டும். இது சிலருக்குக் குறையாகத் தோன்றலாம். எனக்கு நிறையாகத் தோன்றியது, ஏனென்றால் உதிரிப் பாகத்தில் அவருக்குக் கமிஷன் இல்லை. பேரிங்கின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, பாரிமுனைப் பக்கம் ரசீது கொடுக்கும் கடையில் வாங்கச் சொன்னார். எஸ்.கே.எஃப்., என்.பி.சி. போன்ற பெயர்களில் போலிகள் புழங்குவதால் பெட்டியை மட்டும் நம்பக் கூடாது. பேரிங்கின் வளையத்தில் பொறித்த எண் கூர்மையாக இருக்கிறதா, பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்.கே.எஃப். நிறுவனம் அசலா போலியா என்று படம் எடுத்து அனுப்பிக் கேட்பதற்கென்றே ஒரு கைபேசிச் செயலி வைத்திருக்கிறது. நட்டும் புதிதாகவே வாங்க வேண்டும். ஒருமுறை கழுத்து மடிக்கப்பட்ட நட்டைத் திரும்பப் போடுவது மிச்சம் பிடிக்கும் இடமல்ல.

பேரிங்கை டிரம்முக்குள் ஏற்றும் வேலை பக்கத்து லேத்தில் பிரஸ்ஸில் நடந்தது. வெளி வளையத்தின் மேல் மட்டும் உட்காரும் உருளையை வைத்து அழுத்தினார்கள். உள் வளையத்தின் மேல் அழுத்தினாலோ சுத்தியலால் அடித்து ஏற்றினாலோ விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, பாதையில் நுண்ணிய பள்ளங்களை ஏற்படுத்தும். புதிய பேரிங் பட்டறை வாசலைத் தாண்டும் முன்பே பழைய பேரிங் ஆகிவிடும். பூட்டு வளையம் உட்காரும் பள்ளத்தைத் துடைத்துவிட்டு, வளையம் முழுச் சுற்றும் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார் பாய்.

இறுக்குவதற்கு மட்டும் கன் கிடையாது. மரப்பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்து, எங்கள் காருக்கு உரிய அளவைப் பட்டறைக் கையேட்டின் பக்கத்தைக் கைபேசியில் பார்த்து வைத்தார். பையன் ஒருவன் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இரண்டு கட்டமாக இறுக்கினார். இடையில் பிரேக்கை விடச் சொல்லி டிரம்மைச் சுழற்றிப் பார்த்தார். முழு அளவுக்கு இறுக்கும் வரை சக்கரத்தைத் தரையில் இறக்கி வண்டியை உருட்டக் கூடாது. இரண்டு துண்டாக உள்ள உள் வளையம் நெருக்கிப் பிடிக்கப்படாமல் எடையை வாங்கினால் புதிய பேரிங் அப்போதே கெடும். கடைசியில் மொண்ணை முனை கொண்ட உளியால், கிழிக்காமல், புதிய நட்டின் கழுத்தைப் பள்ளத்துக்குள் மடித்தார். லாரிகளில் இருப்பது போன்ற இரண்டு டேப்பர் (கூம்பு உருளை) பேரிங் அமைப்பில் கதை வேறு. அங்கே இறுக்கிவிட்டுத் தளர்த்தி, ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் நட்டை நிறுத்தி, நட்டுக் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட வேண்டும். கார் நட்டைப் போல இறுக்கினால் பேரிங் எரியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட பட்டறைகள்தான் வடசென்னையில் நிறைய பேரிங் விற்க உதவுகின்றன என்பது என் எண்ணம்.

செலவு: கூலி 1,200 ரூபாய், பிரஸ்ஸுக்கு 250, பேரிங் 1,450, நட்டு 90. வலப்பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். “அது நல்லா இருக்குது சார், அத ஏன் தொடணும்” என்று மறுத்துவிட்டார். உறுமல் முற்றாகப் போய்விட்டது. இப்போது காதில் விழுவது டயர்ச் சத்தம்தான். இத்தனை நாள் அது இருந்ததே தெரியவில்லை.

குறைகள் சிறியவை அல்ல. டிரம்மைத் திறந்ததும் உள்ளே படிந்திருந்த லைனிங் தூளைக் கம்ப்ரெசர் காற்றால் ஊதினார்கள். அந்தத் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைத்தெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. உளி அடிக்கும்போது பையன்கள் கண்ணாடி அணிவதில்லை. நட்டைப் பிளந்த அன்று இரும்புச் சிதறல் என் செருப்பருகே வந்து விழுந்தது. நான் இரண்டையும் சொன்னேன், பாய் சிரித்துக்கொண்டார். ஆக்சிலின் மரையை இவ்வளவு அக்கறையோடு காக்கும் மனிதர் பையனின் கண்ணுக்கு அதில் பாதியாவது காட்டலாம்.

எழுதிய ரசீது கிடையாது, வாய்க்கணக்கும் யு.பி.ஐ.யும்தான். வண்டியை விற்கும்போது பராமரிப்புப் பதிவு காட்ட நினைப்பவர்களுக்கு இது இடைஞ்சல். உட்கார நாற்காலி இல்லை, தொலைபேசியை எடுப்பதில்லை, ஒரு நேரத்தில் இரண்டு வண்டிக்கு மேல் வாங்குவதில்லை. மழை வலுத்தால் சந்தில் தண்ணீர் நிற்கும், பட்டறை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார்.

இன்னொரு வரம்பு முக்கியமானது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால், அதற்குப் பிந்தைய வண்டிகளின் சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் பின் ஹப்பிலும் இருக்கும். சில பேரிங்குகளின் சீலிலேயே காந்த வளையம் பதித்திருப்பார்கள். அதைத் தலைகீழாக ஏற்றினால் சத்தம் போகும், ஏ.பி.எஸ். விளக்கு எரியத் தொடங்கும். எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்பது பாய்க்குத் தெரியும். ஆனால் விளக்கு எரிந்தால் படித்துப் பார்க்கும் ஸ்கேனர் அவரிடம் இல்லை. ஏற்கெனவே அந்த விளக்கு எரியும் வண்டியென்றால் முதலில் ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்டிவிட்டு, சென்சார் பழுதல்ல என்று தெரிந்த பின்பு இங்கே கொண்டுவருவது நல்லது. மற்றவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பு, ஓர் இரவு வண்டி இல்லாமல் சமாளிக்கும் ஏற்பாட்டோடு போகலாம்.